நொய்யலில் கரையும் உரமூட்டை

1950-ல் நம் கோவை பட்சிராஜா ஸ்டூடியோ எடுத்த 'ஏழை படும் பாடு' படம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நாகையா நடித்தது. மூலக்கதை விக்டர் ஹியூகோவினுடையது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு அதிலிருந்து பாடம் வரும். நாவலில் ஓரிடத்தில் கதையை நிறுத்திவிட்டு, பாரிஸ் நகரச் சாக்கடையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார் மனிதர். ஊர்க் கழிவைக் கடலில் விடுவது பணத்தைக் கடலில் கொட்டுவதுதான் என்பது அவர் கட்சி. அதை எழுதியது 1862-ல்.

வாலாங்குளம், பெரியகுளம் பக்கம் ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்ததைப் பார்த்தபோதெல்லாம் அவர் ஞாபகம்தான் வரும். யாரும் உரம் போடாமலா அப்படிச் செழித்தது? சாக்கடையோடு வந்த தழைச்சத்தும் மணிச்சத்தும்தான். அந்த மணிச்சத்தின் மூலப்பொருளான பாறையை மொராக்கோ, ஜோர்டான் என்று கப்பலில் வாங்குகிறோம். மானியம் போக டி.ஏ.பி. மூட்டை 1350 ரூபாய்.

இதைத் திரும்பப் பிடிக்க வழி இருக்கிறது. சேமித்து வைத்த சிறுநீரில் மக்னீசியம் சேர்த்துக் கலக்கினால் வெள்ளையாக ஒரு பொடி அடியில் படியும். பெயர் ஸ்ட்ரூவைட். சிறுநீரகக் கல்லில் ஒரு வகையும் இதேதான். நம் வயதுக்காரர்கள் சிலர் உடம்புக்குள்ளேயே விளைவித்திருப்பார்கள்! துணியில் வடிகட்டிக் காயவைத்தால் மெதுவாகக் கரையும் உரம். மணிச்சத்தில் பெரும்பங்கு இதில் வந்துவிடும். தழைச்சத்து பெரும்பாலும் நீரிலேயே தங்கும். அதைப் பிடிக்க சியோலைட் என்ற கல் உதவும். இறால் பண்ணைக்காரர்கள் குட்டையில் அம்மோனியாவைக் குறைக்கத் தூவுகிற அதே பொடிதான்.

மக்னீசியத்துக்கு எங்கே போவது? நேபாளத்தில் மாக்னசைட் கல்லைச் சுட்டுப் பொடித்துச் சோதித்திருக்கிறார்கள். அந்தக் கல் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சேலத்தில் ரயிலில் போகும்போது வெள்ளை வெளேரென்று தெரியுமே, அந்தச் சுண்ணாம்புக் கரடு. இரும்பாலை உலைகளுக்குச் செங்கல் செய்ய அதைக் காலங்காலமாகச் சுட்டு வருகிறார்கள்.

சூலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரிடம் இதைச் சொன்னேன். "ஏனுங்க சார், பொடி சரிங்க. அதுக்கு முன்னால அதைய ஆருங்க புடிச்சு வெப்பாங்க?" என்றார்.

நியாயமான கேள்வி. முசிறியில் ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனம் சிறுநீரைத் தனியே பிரிக்கும் பொதுக் கழிப்பறை கட்டி, பயன்படுத்துகிறவர்களுக்கே காசு கொடுத்தது. கட்டணம் வாங்குகிற நாட்டில் கூலி! ஆக, ஜனங்கள் பிடித்துக் கொடுக்க மாட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

உக்கடம் சுத்திகரிப்பு நிலையம் நாளுக்கு 7 கோடி லிட்டருக்குக் கட்டியது. குளித்த நீரும் துவைத்த நீரும் கலந்து நீர்த்துப்போய் வருவதில் இந்தப் பொடி லேசில் படியாது. கலக்கும் முன்பே பிடிக்க வேண்டும். காந்திபுரம், சிங்காநல்லூர் பஸ் நிலையக் கழிப்பறைகளில் ஆண்கள் பக்கத்துக்குத் தனிக் குழாயும் ஒரு தொட்டியும் போட்டு மாநகராட்சி ஆரம்பித்துப் பார்க்கலாம். கல்லுக்கு லாரி சேலத்திலிருந்து வந்தால் போதும், மொராக்கோவிலிருந்து கப்பல் வேண்டியதில்லை.