அமுக்கு... பிடி... விடு!

கூடுவாஞ்சேரியில் நெல்லிக்குப்பம் சாலையை ஒட்டிய ஒரு தெரு. வேப்பமரத்தடியில் 2004-ம் வருஷத்து ஜிப்ஸி ஒன்று நிற்கும். வீட்டுக்காரர் முப்பது வருஷம் பஸ் டெப்போவில் பராமரிப்புப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர். தெருவே அவரை 'சார்' என்றுதான் கூப்பிடும்.

வண்டியை விற்கச் சொல்லி மகன் பலமுறை சொல்லிவிட்டான். சார் கேட்கவில்லை. 1985-ல் வந்த மாடல் அது. ராணுவமும் போலீஸும் ஆயிரக்கணக்கில் வாங்கி ஓட்டிய வண்டி. 2018 வாக்கில் உற்பத்தியே நின்றுபோனது. "இனிமே இப்படி ஒண்ணு கிடைக்காதுடா" என்பதோடு பேச்சை முடித்துவிடுவார். திருக்கழுக்குன்றம் பக்கம் ஒன்றரை ஏக்கர் நிலம் இருக்கிறது. ஏரிக்கரை மண் பாதையில் போக இதைவிட்டால் வேறு வண்டி சரிப்படாது என்பது அவர் கட்சி.

மாசி மாதத்தில் ஒருநாள், நிலத்துக்குப் போய்விட்டு ஜி.எஸ்.டி. சாலையில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மறைமலை நகர் அருகே முன்னால் போன ஷேர் ஆட்டோ ஆள் ஏற்றச் சட்டென்று நின்றது. சார் பிரேக்கை அழுத்தினார். 'கர்ர்ர்' என்று இரும்பு உரசும் சத்தம். வண்டி இடது பக்கமாக இழுத்துக்கொண்டு போய், ஆட்டோவுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. பக்கத்தில் இருந்த அம்மா முன்கம்பியைப் பிடித்த பிடியை வீடு வரும்வரை விடவில்லை.

இறங்கிய பிறகுதான் கேட்டார். "இந்தச் சத்தம் எத்தனை நாளா வருது?"

"ரெண்டு மூணு நாளாத்தான்..."

"பொங்கலுக்குப் போனப்பவே வந்துச்சுங்க. நீங்க பாட்டுச் சத்தத்தைக் கூட்டினீங்க."

சாரிடம் பதில் இல்லை.

"டிரைவர் பிரேக் கம்ப்ளெயின்ட் எழுதினா பஸ்ஸை கேட்டைத் தாண்ட விடமாட்டேன்னு பெருமையா சொல்வீங்களே. நான் எழுதிக் கொடுக்கலைன்னுதான் விட்டுட்டீங்களா?"

அதற்குப் பிறகு அம்மா சண்டை போடவில்லை. அடுத்த வாரம் தங்கை வீட்டுக்குப் போக, செங்கல்பட்டு வரை மின்சார ரயில், அங்கிருந்து பஸ் என்று தனியாகக் கிளம்பிவிட்டார். கோபித்துக்கொண்டு பேசாமல் இருப்பதெல்லாம் அந்த வீட்டில் புதிதில்லை. ஜிப்ஸி வாசலில் நிற்க அம்மா பஸ்ஸில் போனதுதான் புதிது.

மறுநாள் காலையே சார் வேலையில் இறங்கினார். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல். வண்டி தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைத் தளர்த்திக்கொண்டு, பிறகு ஜாக்கி, அச்சுக்கு அடியில் ஸ்டாண்டு. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்குள் கை வைக்கக் கூடாது என்று டெப்போவில் எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

வலது சக்கரத்தைக் கழற்றியதும் விஷயம் தெரிந்துவிட்டது. வெளிப்பக்க பிரேக் பேடு பாதி மிச்சம். உள்பக்கப் பேடு சுத்தமாகத் தேய்ந்து, அதன் இரும்புத் தகடே டிஸ்க்கைச் சுரண்டியிருந்தது. பழைய கிராமபோன் தட்டு போல டிஸ்க்கில் வட்ட வட்டமாகக் கோடுகள். காரணம், காலிப்பர் நகர்ந்து கொடுக்க வேண்டிய இரண்டு பின்களும் துருப்பிடித்து இறுகிக் கிடந்தன. மாமல்லபுரம் கடற்கரைப் பக்கம் அடிக்கடி போய்வரும் வண்டி. கிழிந்திருந்த ரப்பர் உறை வழியாக உப்புக் காற்று உள்ளே புகுந்துவிட்டது. வலது பக்கம் சரியாகப் பிடிக்காததால்தான் வண்டி இடது பக்கம் இழுத்திருக்கிறது.

பிரேக் போடும்போது வண்டியின் பாரம் முன்பக்கம் சாயும். நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன்சக்கரங்களுக்குத்தான். இது சாருக்குத் தெரியாததில்லை. தெரிந்தே இரண்டு மாதம் தள்ளிப்போட்டிருக்கிறார்.

எழும்பூருக்கு ரயிலேறினார். மற்ற சாமான் என்றால் புதுப்பேட்டையிலேயே பழையதாகப் பார்த்து எடுத்துவிடுவார். பிரேக் விஷயத்தில் அந்தச் சிக்கனம் கூடாதென்று ஜி.பி. ரோடுக்குப் போய்ப் புதிதாகவே வாங்கினார். இரண்டு டிஸ்க், நான்கு பேடு, பின்கள், ரப்பர் உறைகள், பிரேக் ஆயில். இடது பக்கம் நன்றாக இருந்தாலும் ஜோடியாக மாற்றினால்தான் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பிடிக்கும்.

பழைய தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தார். காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வைத்தார். பிஸ்டனை கிளாம்ப் வைத்து மெதுவாக உள்ளே தள்ளினார். பின்களுக்கு பிரேக்குக்கென்றே விற்கும் கிரீஸ். சாதா கிரீஸ் பட்டால் ரப்பர் உப்பிவிடும். எல்லாம் மதியத்துக்குள் முடிந்தது.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றுவது. அதற்கு இரண்டு ஆள் வேண்டும். மகன் ஊரில் இல்லை. தங்கை வீட்டிலிருந்து திரும்பியிருந்த அம்மாவை, சமையலறை வாசலில் நின்று தயங்கித் தயங்கிக் கூப்பிட்டார். "கொஞ்சம் வந்து பெடலை அமுக்கறியா?"

இத்தனை வருஷத்தில் அம்மா அந்த டிரைவர் சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. புடவையைச் செருகிக்கொண்டு ஏறினார்.

"அமுக்கு... அப்படியே பிடி... நான் சொல்ற வரைக்கும் விடாதே... ம், இப்ப விடு."

சார் நிப்பிளைத் திறக்க, டியூப் வழியாகப் பாட்டிலில் டிகாக்‌ஷன் நிறத்தில் ஆயில் இறங்கியது. தேன் நிறத்தில் இருக்க வேண்டியது. "ஏன் இப்படிக் கறுத்திருக்கு?" என்றார் அம்மா.

"இது காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதுசுல 205 டிகிரிக்கு மேலதான் கொதிக்கும். ஈரம் ஏறிட்டா 140-லயே கொதிச்சிடலாம். உள்ளே குமிழ் வந்தா நீ அமுக்கற அமுக்கு குமிழுக்குத்தான் போகும், சக்கரத்துக்குப் போகாது."

"அப்ப ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவையாவது மாத்தணும்?"

"மாத்தணும்."

"மாத்தலை."

"...மாத்தலை."

நான்கு சக்கரம் முடிய ஒரு மணி நேரம் ஆனது. கடைசியில் அம்மாவே சொன்னார். "இப்ப பெடல் கல்லு மாதிரி நிக்குதுங்க. முன்ன பஞ்சு மாதிரி இருந்துச்சு."

சாயங்காலம் புதுப் பேடுகள் டிஸ்க்கோடு பழக, ஆளில்லாத சாலையில் மிதமான வேகத்தில் போய்ப் போய் மெதுவாக நிறுத்திப் பார்த்தார். பத்துப் பதினைந்து முறை. சத்தம் இல்லை, இழுப்பும் இல்லை. திரும்பி வந்தபோது அம்மா வாசலில் நின்றிருந்தார். கையில் ஒரு பழைய நோட்டு. முதல் பக்கத்தில் தேதி போட்டு எழுதியிருந்தார்: 'முன் பிரேக் மாற்றியது. ஆயில் மாற்றியது.'

அதற்குக் கீழே இன்னொரு வரி: 'சாருக்கு சுகர் டெஸ்ட். நாலு மாசமாகத் தள்ளிப்போட்டது.'

"இனிமே கம்ப்ளெயின்ட் எழுதியே கொடுத்துடறேன்" என்றார். "நாளைக்குக் காலையில வெறும் வயித்துல ரெடியா இருங்க. லேபுக்கு வண்டியிலேயே போயிடலாம்."