போர்டைக் கீழிருந்து படிங்க பாஸ்!

ஒரு சின்ன டெஸ்ட். கூகுள் பண்ணாம பதில் சொல்லுங்க. உங்க ஊர்ல இப்ப என்ன காய் சீஸன்?

‘கேம்பஸ் இன்டர்வியூ சீஸன்’, ‘அரியர் சீஸன்’னு சொன்னவங்க எல்லாம் அப்படியே பெஞ்ச் மேல ஏறி நில்லுங்க. கூச்சப்படாதீங்க... இந்தத் தை மாசம் வரைக்கும் நானும் அதே பெஞ்ச்லதான் நின்னுட்டிருந்தேன்.

எங்க ரூம் மதுரையில. நாலு பேர். சிவில், மெக், இசிஇ, அப்புறம் கெமிக்கலான நான். பேர் எதுக்கு, டிபார்ட்மென்ட்டே போதும்! மூணு வேளையும் பக்கத்துத் தெரு மெஸ்லதான் சாப்பாடு. சாம்பார்ல முங்கு நீச்சல் அடிச்சாத்தான் பருப்பு கிடைக்கும். ஆனாலும் சந்தோஷமா சாப்பிட்டுட்டுதான் இருந்தோம்.

மார்கழி பாதியில இசிஇ மட்டும் ராத்திரி மெஸ்ஸுக்கு வர்றதை நிறுத்தினான். “வயிறு சரியில்லடா”ன்னான். அடுத்த நாள் “மதியம் ஹெவியா சாப்பிட்டேன்”னான். வாரம் பூரா யாருக்காவது வயிறு சரியில்லாம இருக்குமா? ஒருநாள் மொட்டை மாடியில அவன் போன் பேசினது என் காதுல விழுந்துடுச்சு. “மெஸ் பணம் இப்ப அனுப்ப வேணாம்மா. நான் சமாளிச்சுக்கறேன்.”

நாங்க காசு கொடுத்தா வாங்கமாட்டான். அவன் அப்படித்தான். அதனால மூணு பேரும் ஒரு ப்ளான் போட்டோம். சிவில் போய் அவன்கிட்ட சீரியஸா மூஞ்சியை வெச்சுக்கிட்டு, “மெஸ் சாப்பாடு சகிக்கலடா. தை ஒண்ணாம் தேதில இருந்து நாமளே சமைக்கறோம்”னு அறிவிச்சான். எங்க வாழ்க்கையிலேயே ஆஸ்கர் லெவல் நடிப்பு அதுதான்.

ஒரு குக்கர், ஒரு கடாய், ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு. களத்துல குதிச்சாச்சு. ஆனா எப்படிக் குதிச்சோம் தெரியுமா? நேரா ஏசி சூப்பர் மார்க்கெட். வீடியோ பார்த்துப் பார்த்து காளான், பனீர், குடைமிளகாய், முருங்கைக்காய்னு அள்ளிப் போட்டோம். பத்தாம் நாள் நோட்டைக் கூட்டிப் பார்த்தா, மெஸ் பில்லைத் தாண்டி எகிறிட்டிருக்கு! இசிஇ அந்த நோட்டை வாங்கி ரெண்டு தடவை கூட்டினான். அப்புறம் மெதுவா, “நான் வேணா வேற எங்கேயாவது பார்த்துக்கறேன்டா. நீங்க மூணு பேரும் கன்டினியூ பண்ணுங்க”ன்னான்.

யாருக்காக ஆரம்பிச்சோமோ அவனே கிளம்பறேங்கறான். அன்னிக்கு நைட் யாரும் தூங்கல.

காப்பாத்தினது எங்க ஹவுஸ் ஓனர் பாட்டி. நாங்க ‘அப்பத்தா’ன்னுதான் கூப்பிடுவோம். மறுநாள் எங்க கூடையை எட்டிப் பார்த்துட்டு, “ஏப்பா... தையில போயி யாராச்சும் முருங்கைக்காய் வாங்குவாகளா? ஆனை விலை குதிரை விலையில்ல விக்கும்! மொச்சையும் அவரையும் மலிஞ்சு கெடக்கு. சந்தைக்குப் போயி எது மலிஞ்சிருக்கோ அதை வாங்கித் திங்காம..!” அப்படின்னு ஒரு காய்ச்சு காய்ச்சினாங்க.

மறுநாள் காலையில ஆறு மணிக்கு அண்ணா நகர் உழவர் சந்தை. தமிழ்நாட்டோட முதல் உழவர் சந்தையே இதுதான் பாஸ். 1999 நவம்பர் 14-ல ஆரம்பிச்சது. அடையாள அட்டை வெச்சிருக்கிற விவசாயிங்களே வந்து விப்பாங்க, நடுவுல தரகர் கிடையாது. வாசல்லயே அன்னிக்கு விலையை எழுதி வெச்சிருப்பாங்க. எல்லாரும் தனக்குப் பிடிச்ச காய் என்ன விலைன்னு தேடுவாங்க. நாங்க அப்பத்தா ஃபார்முலாப்படி எது விலை குறைச்சல்னு தேடினோம். விலை குறைஞ்ச காயை அடியில இருந்து ஒவ்வொண்ணா மேல ஏறிப் படிக்கிற மாதிரி. அந்த போர்டுதாங்க காலண்டர்! மழை முடிஞ்சு குளிர்ல முருங்கை காய்ப்பு குறையும், விலை எகிறும். அதே நேரம் மொச்சை கொத்துக் கொத்தா வந்து குவியும். எது குவியுதோ அதான் சீஸன். அதான் ஃப்ரெஷ். அதான் சீப்.

அன்னிக்கு வெச்ச மொச்சைக் குழம்பை இப்ப நினைச்சாலும் நாக்கு ஊறுது. உரிச்ச பச்சை மொச்சையை உப்புப் போட்டு வேக வெச்சோம். சின்ன வெங்காயம், பூண்டு, ஒரு தக்காளி, நாலு துண்டு கத்தரிக்காய் வதக்கி, குழம்பு மிளகாய்த்தூள், புளித்தண்ணி ஊத்திக் கொதிக்க விட்டு, மொச்சையைச் சேர்த்தோம். அவ்வளவுதான். கரம் மசாலா இல்ல, க்ரீம் இல்ல. நாலு பேரும் தட்டை வழிச்சோம்.

நம்ம கெமிக்கல் மூளை சும்மா இருக்குமா? ஏன் இவ்வளவு ருசின்னு யோசிச்சேன். பச்சைப் பட்டாணி, ஸ்வீட் கார்ன் இதெல்லாம் பறிச்ச கையோட தின்னா இனிக்கும். நேரம் ஆக ஆக உள்ளே இருக்கிற சர்க்கரை மாவுச்சத்தா மாறிடும். குளிர்ல வெச்சா அந்த வேகம் குறையும், நிக்காது. அப்புறம் போன ருசியை ஈடுகட்ட மசாலாவைக் கொட்ட வேண்டியிருக்கு. காய் புதுசா இருந்தா உப்பும் காரமும் போதும். அந்த மாசக் கடைசியில எங்க செலவு மெஸ் பில்லுல பாதிக்குக் கொஞ்சம் மேல. இசிஇ நோட்டைப் பார்த்தான். ஒண்ணும் சொல்லல. அடுத்த நாள் எங்களுக்கு முன்னாடி எழுந்து பையைத் தூக்கிட்டு நின்னான்.

இங்கேயே முடிச்சிருந்தா இது ஒரு சமையல் குறிப்புதான். கதை மாசியில இருக்கு.

மாசியில ஒருநாள் போர்டுல அடிமட்ட விலை தக்காளிக்கு. “ஜாக்பாட் மச்சி!”ன்னு மெக் கத்தினான். அஞ்சு கிலோ வாங்கினோம். பத்தாததுக்கு, விக்கிற அக்காகிட்ட இன்னும் ரெண்டு ரூபா குறைக்கச் சொல்லி நான் பேரம் பேசினேன். இசிஇ போர்டையே பார்த்துட்டு நின்னான். வழியெல்லாம் பேசல. ராத்திரி சாப்பிடும்போதுதான் சொன்னான்.

“ஒட்டன்சத்திரம் பக்கத்துல எங்கப்பா போட்டிருக்கறதும் தக்காளிதான்டா. மழையில முதல் காய்ப்பு அழுகிப்போச்சு. விலை இருந்தப்ப காய் இல்ல. இப்ப காய் இருக்கு, விலை இல்ல. பறிக்கிற கூலியும் வண்டி வாடகையும்கூடத் தேறாதுன்னு செடியிலயே விட்டுட்டாரு.”

எனக்குச் சோறு இறங்கல. நாங்க கொண்டாடின அந்த அடிமட்ட விலைக்குப் பின்னாடி எங்க ரூம்மேட்டோட அப்பா நின்னுட்டிருந்திருக்கார். அவன் ராத்திரி பட்டினி கிடந்ததுக்குக் காரணமும் அதே தக்காளிதான்.

அடுத்த வாரம் ஒட்டன்சத்திரம் பஸ்ல ஒரு மூட்டை தக்காளி வந்து இறங்கிச்சு. கூடவே அவங்கப்பா போன்: “விக்கிறதுக்கில்ல தம்பி, பசங்க சாப்பிடுங்க.” நாலு பேரும் உக்காந்து ராத்திரி பதினொரு மணி வரைக்கும் தொக்கு கிண்டினோம். உங்களுக்கும் சொல்றேன், எழுதிக்கோங்க. பழுத்த தக்காளி ரெண்டு கிலோவைப் பொடியா நறுக்கி, நல்லெண்ணெய்ல கடுகு, பெருங்காயம் தாளிச்சு, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு, கொஞ்சம் புளி சேர்த்து, சிறு தீயில எண்ணெய் பிரியற வரைக்கும் கிண்டணும். ஆறவெச்சு, ஈரமில்லாத பாட்டில்ல போட்டு ஃபிரிட்ஜ்ல வைங்க. எங்க ஸ்டாக்கை அப்பத்தா வீட்டு ஃபிரிட்ஜ்லதான் வெச்சோம். ரெண்டு பாட்டில் அவங்களுக்கு வாடகை!

இப்பவும் போர்டைக் கீழிருந்துதான் படிக்கிறோம். பங்குனியில முருங்கைக்காய் இறங்கி வந்துச்சு, சித்திரையில மாங்காய் சேர்ந்துக்கிச்சு. மாங்காய் முருங்கைக்காய் சாம்பார்னா என்னன்னு அன்னிக்குத்தான் எங்களுக்குப் புரிஞ்சுது. ஒரே ஒரு மாற்றம்... போர்டுல எழுதின விலைக்குக் கீழே நாங்க பேரம் பேசறதில்ல. எது ரொம்பக் குவிஞ்சு கிடக்கோ அதை ஒரு கிலோ கூடவே வாங்கி வத்தலோ தொக்கோ போட்டுடறோம். அந்த ஒரு கிலோவால எந்த விவசாயியும் பணக்காரர் ஆகப்போறதில்ல. ஆனா எங்களால இப்ப ரெண்டு ரூபாய்க்கு வாயைத் திறக்க முடியல.

மெஸ்ஸை ஏன் விட்டோம்னு இசிஇ இதுவரைக்கும் கேட்டதில்ல. நாங்களும் சொன்னதில்ல. இதை எடிட்டருக்கு அனுப்பறதுக்கு முன்னாடி அவன்கிட்ட காட்டினேன். அவன் வேண்டாம்னா கிழிச்சுடலாம்னுதான். ரொம்ப நேரம் படிச்சான். தலையை நிமிர்த்தாம ஒரே ஒரு திருத்தம் சொன்னான்.

“தொக்குல கடைசியா வறுத்த வெந்தயப் பொடி போடணும். விட்டுட்டே பாரு.”

போட்டாச்சுடா!