ஒன்பதாவது சில்லு

நம்ம வீட்டுப் பொட்டியில இருக்கிற டிடிஆர்4 மெமரி கார்டைக் கழட்டி எண்ணிப் பாருங்க. பெரும்பாலும் எட்டு சில்லு, இல்ல பதினாறு. சர்வர் மெமரின்னா ஒன்பது, பதினெட்டுன்னு போகும். 64 பிட் தகவலுக்கு 8 பிட் சரிபார்ப்பு. விண்வெளியிலேர்ந்து வர்ற துகள் ஒண்ணு பட்டு ஒரு பிட் புரண்டுட்டா அங்கேயே திருத்திடும். ரெண்டு புரண்டா திருத்த வராது, கூவி மட்டும் சொல்லும். (பேங்க் கணக்குல சைபர் ஓடிப்போகாம இருக்கறது இதனாலயும்தான்!)

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல எங்க சித்தப்பா தறியிலயும் மெமரி உண்டுங்க. ஜக்கார்டு அட்டை. ஓட்டை இருந்தா கொக்கி இழையைத் தூக்கும், இல்லேன்னா தூக்காது. அதே 1, 0 கதைதான். 1804-லயே காப்புரிமை வாங்கின சரக்கு. ஆனா சரிபார்ப்பு பிட் கிடையாது. ஒரு அட்டை கிழிஞ்சா, சுத்து வர்றப்பல்லாம் சேலையில அதே பிழை விழும். கூலியில பிடிச்சுடுவாங்க.

அங்க ஒன்பதாவது சில்லு எங்க சித்திதான். கோர்வை சேலைக்குப் பக்கத்துல உக்காந்து கரை நாடாவைத் தள்ளிக்கிட்டே, "இந்தாங்க, அன்னத்துக்கு மூக்கைக் காணோம்"னு ஒரு குரல். தறி நின்னுடும்.

சர்வர் மெமரிக்கு அந்த ஒன்பதாவதுக்குன்னே விலை கூட. சித்திக்குத் தனிக் கூலி கிடையாது. கேட்டா, "ஏம்ப்பா, வீட்டு ஆளுக்கு யாரு கூலி குடுப்பா?"ங்கறாங்க.