மழைக் கணக்கில் மிஞ்சிய ஊர்

ஐப்பசி பிறந்துவிட்டால் திருநெல்வேலி மாவட்ட மழை அளவுப் பட்டியலில் நான்கு பெயர்கள் மேலே வந்து நின்றுவிடும்: ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி, மாஞ்சோலை. பாளையங்கோட்டையில் தூறலோடு நின்றுபோன நாளிலும் ஊத்தில் கொட்டியிருக்கும். செய்தி வாசிப்பவருக்கு அது ஓர் எண். கல்லிடைக்குறிச்சியில் வாடகை வீட்டில் இருக்கும் என் அம்மாவுக்கு ஊர்ச் சேதி. "ஏல, நாலுமுக்குல இம்புட்டு மழையாம். நம்ம வீட்டுக் கூரை தாங்குமா?" என்று கேட்பாள். அந்த வீட்டில் இப்போது யாரும் இல்லை என்பது எனக்குத் தெரிவதைவிட அவளுக்கு நன்றாகவே தெரியும்.

மணிமுத்தாறு அணையைத் தாண்டி, வனத்துறை செக்போஸ்ட்டைத் தாண்டி, அருவியையும் விட்டுவிட்டு மேலே ஏறினால் வரும் தேயிலை எஸ்டேட்டுகள் அவை. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் சுற்றிலும் நிற்க, நடுவே தேயிலை. சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் 8,300 ஏக்கருக்கு மேற்பட்ட காட்டை ஒரு கம்பெனிக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. ஒரு கொலை வழக்கில் மாட்டிய வாரிசை மீட்க ஜமீனுக்குப் பணம் வேண்டியிருந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஜமீனும் போய், வெள்ளைக்காரனும் போய், குத்தகை மட்டும் நின்றது. காட்டை வெட்டி, கன்று நட்டு, கொழுந்து எடுக்கக் கீழேயிருந்து ஆட்களைக் கூட்டிப் போனார்கள். ஆச்சி அப்படிப் போனவள். அங்கே பிறந்தவள் அம்மா. அப்புறம் நான்.

ஊர் என்றால் எங்களுக்கு பஸ்தான். அம்பாசமுத்திரத்திலிருந்து குண்டும் குழியுமான பாதையில் முனகிக்கொண்டு ஏறும் அரசுப் பஸ், பேப்பரையும் காய்கறியையும் தபாலையும் சர்க்கரை நோய் மாத்திரையையும் கொண்டுவரும். "அண்ணே, அம்பைல இந்தச் சீட்டைக் காட்டி மருந்து வாங்கியாந்துருங்க" என்று கண்டக்டர் கையில் காசைக் கொடுத்து அனுப்புவார்கள்; மறுநாள் மருந்தும் மிச்சச் சில்லறையும் வரும். மழையில் மரம் விழுந்து பாதை அடைபட்டால் எதுவும் வராது. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்கும் காயத்துக்கும் பார்ப்பார்கள். அதற்கு மேல் என்றால் வண்டியில் போட்டு மலை இறக்க வேண்டும். நிறைமாதக்காரியை அந்தப் பாதையில் கொண்டுபோவதைப் பார்த்தவர்கள் யாரும் தேயிலைத் தோட்டத்தைப் பச்சைக் கம்பளம் என்று எழுத மாட்டார்கள்.

காலையில் பெண்கள் இடுப்பில் படுதாவைச் சுற்றி, தலைக்குக் கொங்காணி போட்டுக்கொண்டு இறங்குவார்கள். தென்மேற்கும் கொட்டும், வடகிழக்கும் கொட்டும். இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் வெயில் துணி காயவே காணாது. எல்லாத் துணியும் அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில்தான் காயும். என் பள்ளிச் சீருடை வெள்ளையாக இருந்த நினைவே இல்லை; ஒரு புகை நிறம், ஒரு புகை வாசம். மேல்படிப்புக்குக் கீழே ஹாஸ்டலில் சேர்ந்தபோது பக்கத்துப் படுக்கைப் பையன் மூக்கைச் சுளித்தான். மலையில் அட்டைக்குச் சுண்ணாம்பும் புகையிலையும். யானை வந்தால் தகரம் தட்டுவது. காட்டுமாடு வந்தால் அது போகிறவரைக்கும் நாம் நிற்பது. காக்காச்சியில் துரைமார் கோல்ப் ஆடிய புல்வெளியில் பிற்காலத்தில் அதுதான் மேய்ந்துகொண்டிருந்தது, சந்தா கட்டாத மெம்பராக.

இவ்வளவையும் சொல்லிவிட்டு ஏக்கம் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வீட்டு விஷயத்தைச் சொல்லாமல் இது புரியாது. வரிசையாக ஒட்டி நிற்கும் லைன் வீடு வேலைக்காரருக்கு உரியதாக இருந்தது, குடும்பத்துக்கு அல்ல. ரிட்டையர் ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டியிருந்தது. இறங்காமல் இருக்க ஒரே வழி, பிள்ளைகளில் ஒருவர் வேலைக்குப் பேர் பதிவது. கணக்கில் சூட்டிகையான பையன்கள், கீழே போய்ப் படித்திருக்க வேண்டிய பெண்கள், எத்தனை பேர் அப்பா அம்மாவுக்குக் கூரை வேண்டும் என்பதற்காகக் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டார்கள்! சுவருக்கு வெள்ளை அடிப்போம், வாசலில் செவ்வந்தி வைப்போம், கொல்லையில் சவ்சவ் கொடி ஏற்றுவோம். ஒரு செங்கல்கூட எங்களுடையது இல்லை. வாழ்ந்துகெட்ட வீட்டை நினைத்து ஏங்குகிறவருக்குக் கையில் பழைய பத்திரமாவது இருக்கும்.

கூலி உயர்வு கேட்ட எங்கள் எஸ்டேட் ஆட்களுக்காகத் திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தில் 1999 ஜூலை 23 அன்று தடியடி நடந்தது. தாமிரபரணிக்குள் ஓடியவர்களில் கைக்குழந்தை உட்பட 17 பேர் செத்தார்கள். எங்கள் மலையில் பெய்யும் மழைதான் மணிமுத்தாறாக இறங்கி அந்த ஆற்றில் சேருகிறது. அம்மா அதற்குப் பிறகு பல வருஷம் கொக்கிரகுளம் பாலத்தில் பஸ் போகும்போது ஜன்னல் பக்கம் உட்கார மாட்டாள்.

குத்தகை முடிவது 2028-இல். அதற்கு முன்பே, 2024 ஜூனில், விருப்ப ஓய்வு என்ற பெயரில் வேலை முடிந்தது. கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு நடக்க நடக்கவே வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின.

மலை காடாகத் திரும்ப வேண்டும் என்கிறார்கள். நானும் மறுக்கவில்லை, சோலையை வெட்டித்தான் தேயிலை வைத்தார்கள் என்று ஆச்சியே சொல்லியிருக்கிறாள். சிங்கவால் குரங்குக்கு அங்கே எங்களைவிட மூத்த உரிமை உண்டு. எனக்குக் கோபம் வருவது ஒரு பேச்சில்தான். ஆக்கிரமித்தவர்கள் வெளியேறினார்கள் என்பதுபோலச் சிலர் பேசுகிறார்கள். கூட்டிப் போய் விடப்பட்டவர்கள் எப்போது ஆக்கிரமித்தார்கள்?

அம்மாவுக்கு இந்த வாதமெல்லாம் ஏறாது. கீழே ஃபேன் இல்லாமல் தூங்க முடியவில்லை, கடைத் தூளில் டீ வாசமே இல்லை, பக்கத்து வீட்டில் யார் இருமினாலும் கேட்பதில்லை என்பவை அவள் குறைகள். மூன்றாவதைத்தான் அதிகம் சொல்வாள். லைனில் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கத்திலிருந்து சுக்குக் காப்பி வரும்.

போன வாரம் அவளிடம், கவாத்து பண்ணாமல் விட்டால் தேயிலைச் செடி வீட்டு உயரத்துக்கு மரமாகிவிடும் என்றேன். இடுப்பளவுக்கு மேல் அதை வளரவிடாமல் ஆயுசு முழுக்கக் கிள்ளியவள் அவள். "எனக்கா தெரியாது? தப்பி நின்ன ஒண்ணு ரெண்டப் பாத்திருக்கேன். வெள்ளையாப் பூக்கும்" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மரமான பொறவு எவன் கிள்ளுவான்? ஏணி வச்சுல்ல ஏறணும்" என்று சிரித்தவள், காலையில் முதல் பஸ் இன்னும் போகிறதா என்று விசாரிக்கச் சொன்னாள்.