பெயர் சொல்லாமல் சொன்ன கதை

ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேர்பவர்கள் குறைந்தது 20 வாரங்கள் களப்பயிற்சி பெற வேண்டும் என்பது இந்திய பார் கவுன்சில் 2008ஆம் ஆண்டு வகுத்த விதி. அதன்படி, மூன்றாம் ஆண்டு விடுமுறையில் பாளையங்கோட்டையில் ஒரு பெண் வழக்குரைஞரிடம் நான்கு வாரப் பயிற்சிக்குச் சென்றேன்.

முதல் வாரம் வாய்தாத் தேதிகளைக் குறித்தேன். நகல் மனு போடும் முறையைக் குமாஸ்தாவிடம் கற்றேன். ஜீவனாம்சச் சட்டத்தைத் தேர்வுக்காகப் படித்திருந்தேன். ஆனால் அந்த மனுவில் வாடகை, பால், பள்ளிக் கட்டணம் என ஒரு குடும்பத்தின் மாதக் கணக்கு முழுவதும் இடம்பெற வேண்டும் என்பதை அங்குதான் அறிந்தேன்.

இரண்டாம் வாரம் ஒரு சகோதரி வந்தார். இரண்டு பிள்ளைகளோடு தாய்வீடு திரும்பி, தையல் வேலை செய்து வாழ்பவர். அவர் கூறுவதைக் குறித்துக்கொள்ளும் பொறுப்பை வழக்குரைஞர் அம்மையார் என்னிடம் ஒப்படைத்தார். பெற்ற தாயிடமும் சொல்லாதவற்றை அச்சகோதரி என்னிடம் சொன்னார்.

அன்றிரவு உணவின்போது, மனம் தாளாமல், உம்மாவிடம் அதைப் பற்றிப் பேசினேன். பெயரையோ தெருவையோ சொல்லவில்லை. புகுந்த வீட்டிலிருந்து அவர் கொண்டுவந்தது ஒரு தையல் மெஷின் மட்டுமே என்று சொன்னேன்.

“தள்ளுவண்டியில மெஷினை ஏத்திட்டு வந்துச்சே, அந்தப் புள்ளையா?” என்றார் உம்மா.

கையிலிருந்த சோறு தட்டிலேயே விழுந்தது.

மறுநாள் அம்மையாரிடம் நடந்ததை ஒப்புக்கொண்டேன். “பெயரைச் சொல்லவில்லை” என்று தொடங்கியபோதே அவர் இடைமறித்தார். “நம் ஊருக்குப் பெயர் எதற்கு? ஓர் அடையாளம் போதும்.” பிறகு சட்ட நூலை எடுத்துத் தந்தார். கட்சிக்காரர் சொன்னதை வழக்குரைஞர் அவருடைய சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்பது 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்திலேயே உண்டு. அடுத்த பிரிவு அதைக் குமாஸ்தாவுக்கும் விரித்தது. இன்று இரண்டும் 2023ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் 132ஆம் பிரிவாக உள்ளன. இவற்றை நான் படித்து மதிப்பெண்ணும் பெற்றிருந்தேன். நம்பிச் சொன்ன சொல் அமானிதம் என்று அதற்கும் முன்பே மதரஸாவில் ஓதியிருந்தேன்.

“அவரிடம் நீயே சொல்” என்றார் அம்மையார்.

சொன்னேன். அச்சகோதரி நெடுநேரம் பேசவில்லை. “உங்க உம்மா வேற யாருகிட்டயும் சொல்ல மாட்டாங்கள்ல?” என்று மட்டும் கேட்டார். மாட்டார்கள் என்றேன். உம்மா இன்றுவரை அதைக் காத்துவருகிறார். ஆயினும், அதற்குப் பிறகு அச்சகோதரி தம் விவரங்களை அம்மையாரிடம் மட்டுமே கூறினார். நான் அறைக்கு வெளியே அமர்ந்து தட்டச்சு செய்தேன். அது நியாயமே.

பயிற்சி முடிந்து சான்றிதழ் பெற்றேன். நான்கு வாரங்களில் கற்றவற்றுள் மனு எழுதுவதைக் காட்டிலும் வாய் காப்பதே கடினம் என்பதை அதில் எவரும் எழுதவில்லை.

சட்டம் பயிலும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அவர்கள் பயிற்சி முடிந்து வீடு திரும்பும்போது, “இன்று யாருடைய வழக்கு?” என்று கேட்காதீர்கள். “இன்று என்ன கற்றாய்?” என்று கேளுங்கள். பிறர் நம்பி ஒப்படைத்த அமானிதத்தைக் காக்க அதுவே அவர்களுக்குத் துணையாகும்.