பாலாறு வழியே ஒரு வாள் தேடல்

மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாக வரும் பஸ் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் கர்நாடகம். வேலூர்க்காரர்கள் உரிமை கொண்டாடும் பாலாறு அல்ல. இது காவிரியில் கலக்கும் சிற்றாறு. 1993 ஏப்ரலில் வீரப்பன் கும்பல் வைத்த கண்ணிவெடி 22 உயிர்களைக் குடித்தபோதுதான் இந்தப் பெயர் நாடெங்கும் தெரிந்தது. இன்று மாதேஸ்வரன் மலை, கொள்ளேகால், மைசூர் என்று பயணிகள் தயக்கமின்றிப் போகிறார்கள். அப்படியே ஸ்ரீரங்கப்பட்டணத்தையும் பார்த்துத் திரும்பும் சிலருக்குப் புதிதாக ஓர் ஆசை முளைக்கிறது: திப்பு காலத்து வாள் ஒன்று வேண்டும்.

ஆசை சரி, அசலை எப்படி அறிவது?

ஜப்பானிய வாள் சேகரிப்பவருக்கு ஒரு வசதி உண்டு. மூங்கில் ஆணியைத் தட்டினால் பிடி கழன்றுவிடும். உள்ளே மறைந்திருக்கும் இரும்பில் பல சமயம் கொல்லன் பெயரே இருக்கும். ராணுவ சார்ஜன்ட்டுகளின் 1935 மாதிரி வாள் என்றால், அது ஆலைச் சரக்கு. அலகிலேயே வரிசை எண் குத்தியிருக்கும். நம்மூர் வாளில் அலகைப் பிடிக்குள் அரக்கு வைத்து இறுக்கியிருப்பார்கள். கழற்ற முயன்றால் பொருளே பாழ். எனவே வெளியே தெரிவதைத்தான் படிக்க வேண்டும்.

திப்புவின் ஆயுதங்களில் புலிக்கோடுகளும் புலித்தலைகளும் பிரசித்தம். தந்தை ஹைதரின் பெயரைக் குறிக்கும் அரபு முதலெழுத்தும் சிலவற்றில் உண்டு. ஆனால் இவற்றை எந்தப் பட்டறையிலும் பொறித்துவிடலாம். சுற்றிலும் துரு அரித்திருக்க, பொறிப்பின் பள்ளம் மட்டும் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். தங்க வேலையைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். பழைய முறையில், தங்கம் பிடிப்பதற்காக இரும்பில் குறுக்கும் நெடுக்குமாக நுண்கீறல்கள் போடுவார்கள். தங்கம் தேய்ந்த இடத்தில் அவை தெரியும். முலாமில் தெரியாது.

இத்தனையும் தேறினாலும் அது அக்காலத்து வாள்தான். திப்புவின் வாள் ஆகிவிடாது. அதற்குத் தேவை காகிதம். 1799 மே 4 அன்று கோட்டை விழுந்ததும், படுக்கையறையில் கிடைத்ததாகச் சொல்லப்படும் வாள், தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய டேவிட் பெய்ர்டுக்குப் பரிசாகப் போனது. காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் 1780இல் பிடிபட்டு, இதே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சிறையிருந்தவர் அவர்! 2023 மே மாதம் லண்டன் ஏலத்தில் அது சுமார் 1.4 கோடி பவுண்டுக்கு விலைபோனது. இரும்புக்கா இந்த விலை? கைமாறிய கதைக்குத்தான்.

வாங்கத் துணிந்தவர்கள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். நூறாண்டு கடந்த வாளைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. தொல்பொருள் வியாபாரிக்கு லைசென்ஸ் கட்டாயம். விலை பேசும் முன் அதைக் காட்டச் சொல்லுங்கள்.