அம்பு இல்லாத கோடு

தெருவில் யார் நடக்கலாம் என்பதற்குச் சட்டசபையில் தீர்மானம் போடவேண்டியிருந்த நாடு இது. 1924இல் சென்னை சட்டசபையில் அதைக் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்தவர். பொதுத்தெரு, பொதுக்கிணறு எதிலும் எவருக்கும் தடையில்லை என்று அந்த வருசமே அரசாணையும் வந்தது. அதே மதுராந்தகம் பக்கத்துச் சாலைகளில்தான் நானும் என் கூட்டாளியும் பழைய கார் பந்தயத்தில் கலந்துகொண்டோம்.

இது வேகப்பந்தயம் இல்ல. ஒருத்தர் ஓட்டணும், ஒருத்தர் வழி சொல்லணும். கையில் ஒரு வழிப்புத்தகம் தருவாங்க. அதில் கட்டம் கட்டமாகச் சின்னப் படங்கள். புள்ளியிலிருந்து வந்து அம்பு காட்டும் பக்கம் திரும்பணும். பக்கத்தில் கிலோமீட்டர் கணக்கு. எந்த வேகத்தில் போகணும் என்பதையும் அவங்களே சொல்லிடுவாங்க. 24 என்றால் ஒரு கிலோமீட்டருக்கு இரண்டரை நிமிசம். எங்கேயாவது மரத்தடியில் மறைந்து நின்று நேரம் குறிப்பாங்க. பிந்தினாலும் தண்டம், முந்தினாலும் தண்டம். முந்தினால் தண்டம் என்பது நமக்கு ஊரிலேயே பழகினதுதான்.

எங்க வண்டி பிரீமியர் பத்மினி. ஸ்டியரிங்கை ஒட்டியே கியர். கூட்டாளியின் அப்பா வருசக்கணக்கா வாடகைக்கு ஓட்டிய வண்டி. மத்த வண்டியெல்லாம் தாத்தா சொத்து. பேர் எழுதினவர் எங்களைப் பார்த்து, "ஓனர் வரலையா?" என்றார்.

"நான்தான் சார் ஓனர்" என்றான் அவன். அவர் வண்டியை ஒருதரம் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

அந்தச் சின்னப் படங்களில் ஒரு நேர்மை உண்டு. நாம் போகாத பாதையையும் வரைந்திருப்பார்கள். அதற்கு அம்பு மட்டும் இருக்காது. ஒரு கட்டத்தில் இடப்பக்கம் அப்படி ஒரு கோடு. இடம் வந்ததும் பார்த்தேன். இரும்புக் கூண்டுக்குள் அம்பேத்கர் சிலை. அதை ஒட்டி உள்ளே போகும் சிமெண்டு ரோடு. காலனி. நாங்கள் திரும்பவேண்டியது வலப்பக்கம், ஊர்த்தெருவுக்குள்.

வேகம் 24. ரெண்டு பக்கமும் திண்ணை. பசங்க கைகாட்டினாங்க. ஒரு பெரியவர் எழுந்து நின்று வண்டியைப் பார்த்தார். இந்த மாதிரித் தெருவைத் தாத்தா செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கிட்டுதான் தாண்டுவார் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அதுவும் அரசாணை வந்து நாப்பது வருசம் கழிச்சு. நான் கடிகாரத்தைப் பார்த்து, "மெதுவா போடா, எட்டு செகண்டு முந்துறோம்" என்றேன்.

"இந்தத் தெருவுல எனக்கு மெதுவாப் போக வரலடா" என்றான்.

பந்தயம் நடத்தினவங்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் காலனி ரோடு அங்கேயே முடிந்துவிடுகிறது. காலனி ரோடுகள் பலவும் அப்படித்தான் போடப்பட்டிருக்கின்றன. எங்கே போகணும்னாலும் ஊரைத் தாண்டணும். பொணத்தைத் தூக்கிக்கிட்டுத் தெருவழியாப் போனால் தகராறு வருகிற ஊர்கள் இன்னமும் இருக்கின்றன. கார் போகலாம், உள்ளே யார் இருக்காங்கன்னு தெரியாத வரைக்கும். நடந்து போறவனை ஊருக்குத் தெரியும்.

தீர்மானம் வந்து நூறு வருசம் தாண்டிவிட்டது. காலனியிலிருந்து நடந்து வருகிறவனுக்கு அந்தத் தெரு எப்போது வெறும் தெருவாகும்?